பூட்ஸைக் கழற்றிய வனக்காவலர்

ஒத்தக்கடையைத் தாண்டி இருந்த என் கடலைக் காட்டில் ஆறு மயில்கள் செத்துக் கிடந்தன. விசாரிக்க வந்த வனக்காவலர் ஒடிசலான மனிதர். நெற்றி நிறைய விபூதி. மயிலைத் தொடுமுன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். தோகையை எவரும் எடுத்துவிடக் கூடாதென்று மயில்களை அங்கேயே எரியூட்டி, எல்லாம் எரிந்து முடியும்வரை வெறுங்காலோடு நின்றார்.

"யாருண்ணே மருந்து வச்சது?"

"தெரியலைங்க. வெதைச்ச கடலை அம்புட்டையும் கிளறிப்புடுதுக, எவனாச்சும் வச்சிருப்பான்."

நெல்லில் மருந்தைப் பிசைந்து போட்டது நான்தான். அவர் நீட்டிய தாளில் சாட்சியாகவும் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது சொன்னார்: "சாப்பிடுறதுக்கு முன்னாடி கையை நல்லாக் கழுவிக்கங்கண்ணே."

நான் ஒரு மயிலையும் தொட்டிருக்கவில்லை. தெரிந்துதான் சொன்னாரா என்று, இத்தனை வருடம் கழித்தும், சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.