சங்கிலிமுத்து இழுத்த டேட்டா ஒயர்

சங்கிலிமுத்து பத்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் ஃபேன்சி வெடிகளுக்குத் திரி வைத்து, கொளுத்திச் சோதித்தும் பார்த்தவன். ஒரு நாள் பக்கத்து ரூம் வெடித்தது. "இனிமே அங்கன கால் வைக்கக் கூடாது" என்று மனைவி பானுப்பிரியா சத்தியம் வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஒயரிங் கற்றுக்கொண்டான். திருத்தங்கலில் என் கல்யாணப் பத்திரிகை ஷோரூமுக்கு ட்ராக் லைட் போடும் வேலையை அவனிடம் கொடுத்த மடையன் நான்தான்.

ரெண்டு சுவரிலும் நீளமாக ஒரு பட்டை, பட்டை நெடுக விளக்குகள். கரண்ட் ஒயர் தனி. எந்த விளக்கு எப்போது கூட வேண்டும், குறைய வேண்டும் என்று கட்டளை கொண்டுபோகும் டேட்டா ஒயர் தனி. லைட்டோடு வந்த படத்தில் டேட்டாவுக்கு ஒரே கோடுதான்: கன்ட்ரோல் பெட்டியிலிருந்து முதல் சுவர், அதன் கடைசியிலிருந்து அடுத்த சுவர், முடிவில், கட்டளை முட்டித் திரும்பி வந்து குழப்பாமல் இருக்க ஒரு குட்டி ரெசிஸ்டர்.

படத்தைப் பார்த்துச் சிரித்தான். "இப்படிப் போனா ஒரு சுவரு முந்தும், ஒண்ணு பிந்தும் பாய். நடுவுல கிளை பிரிச்சு ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டு போகணும். வானத்துல ரெண்டு பூவும் ஒண்ணா விரியணும்லா?"

"ஏலே, இது கரண்டுலே!"

"எம்புட்டு வேகமா ஓடுனாலும் தூரம் தூரந்தானே பாய்."

கிட்டத்துச் சுவருக்கும் அளவு சரியாக வர, ஆறு மீட்டர் ஒயரைச் சும்மா சுருட்டி சீலிங்குக்கு மேல் வைத்தான். "திரி முடிஞ்ச எடத்துல என்னத்தைக் கட்ட?" என்று ரெசிஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் நான் சுவிட்சைப் போட்டால், அத்தனை விளக்கும் பேய் பிடித்த மாதிரி துடிக்கின்றன. "தீவாளிக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கே" என்றாள் என் வீட்டுக்காரி ரோஷன் பேகம்.

"நாசமாப் போச்சு! நீ திரி ரூமுக்கே போயிருக்கலாம்லே!" என்று கத்திவிட்டேன். அவன் முகம் செத்துவிட்டது.

"இதுவும் போச்சுன்னா அங்கனதான் போகணும் பாய். சீசனுக்குக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காக" என்றான். எனக்கே என் வாயின் மேல் வெறுப்பு வந்தது.

மறுபடி படத்தை எடுத்து, கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் போய்ப் பார்த்தான். கிளையைக் கழற்றினான். முதல் சுவரின் கடைசியிலிருந்து அடுத்த சுவருக்குப் போக ஒயர் வேண்டுமே? சுருட்டி வைத்த ஆறு மீட்டர் கச்சிதமாக இருந்தது. ரெசிஸ்டரைத்தான் காணோம். சட்டை துவைக்கப் போய்விட்டது. போன் போட்டதும் பானுப்பிரியா பஸ் பிடித்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"துவைக்கையில கையில தட்டுச்சு. தூரப் போடப் பாத்தேன்."

அதை மாட்டிவிட்டு சங்கிலிமுத்து சுவிட்சைத் தட்டினான். தட்டிய வேகத்தில் திரும்பி, வாசலைத் தாண்டி ரோட்டுக்கே ஓடிவிட்டான். பத்து வருஷப் பழக்கம்! உள்ளே ரெண்டு சுவரும் ஒரு துடிப்பில்லாமல், ஒன்றாக, மெல்ல வெளிச்சமாயின. அவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான்.

பானுப்பிரியா போய் அவன் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"சத்தம் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டான்.

"வரலை. இனிமே வராது. உள்ள வந்து பாருங்க."