பிலோமினாவை மட்டும் அனுப்பாதே

மாதாவை நம்புகிறவர்களே, எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம், மார்கழி மாதம். விடியற்காலையில் என் செவலைப் பசு கன்று போட்டது. கன்று எழுந்து நிற்கவில்லை. எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கமிருந்து வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கன்று சாக்கின்மேல் கிடந்து வெடவெடவென்று நடுங்கியது. கன்று செத்துப்போனால் செவலை பால் சுரக்காது. அந்தப் பாலையும் கொல்லைக் கீரையையும் ராயபுரத்தில் விற்றால்தான் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியும்.

என் வயிற்றெரிச்சல் அதோடு நிற்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தன் பெண்சாதி பிலோமினா இருக்கிறாள். அவள் மாடு என் செவலைக்கு முந்தியே கன்று போட்டிருந்தது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று கொஞ்சிவிட்டுப் போவார்கள். அவளுக்கு எல்லாமே அப்படித்தான். பூசையில் பாடுவதும் அவள்தான். சீம்பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சி ஒரு தூக்கு நிறைய அனுப்பினாள். எனக்கு வாயில் வைக்க மனசு வரவில்லை. பிள்ளைகள் சப்புக்கொட்டிக் குடித்ததைப் பார்த்து இன்னும் எரிந்தது. வந்த ஏனத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதில் போட்டு அனுப்ப அவளுக்கு ஈடாக என்னிடம் ஒன்றும் இல்லை. தூக்கு என் அடுப்படியிலேயே கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் போக வர இருந்த வேலிப் படலையும் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன்.

நஞ்சுக்கொடி விழுமுன் கன்றை மடியில் விடக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நானும் விடாமல் காத்திருந்தேன். உச்சிப்பொழுது ஆகியும் கொடி விழவில்லை. கன்றின் காது சில்லிட்டுப்போனது. பயந்துபோய் மடியில் விட்டேன். செவலைக்குக் காய்ச்சல். மடி கல்லாக இருந்தது. பீய்ச்சிப் பார்த்தாலும் சொட்டு வரவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். தனியாக உட்கார்ந்து அழுதேன்.

மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டேன். "தாயே, என் கன்றைக் காப்பாற்று. யாரை வேண்டுமானாலும் அனுப்பு. பிலோமினாவை மட்டும் அனுப்பாதே." இப்படியேதான் கேட்டேன்.

செபமாலை பாதிகூட ஆகவில்லை. கயிற்றை அவிழ்த்துப் படலைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறாள், அவளே.

"இன்னாக்கா, கன்னு சாவுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டியா? கன்னத் தூக்கு, என் மாட்டாண்ட போவலாம்."

அடுத்த மாட்டுக் கன்றை எந்த மாடு சேர்க்கும்? அவள் தன் கன்று படுத்திருந்த சாக்கை எடுத்து என் கன்றின் உடம்பெல்லாம் தேய்த்தாள். அதையே போர்த்திக் கட்டினாள். அவள் மாடு மோந்து பார்த்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. என் கன்றுக்குச் சப்பத் தெம்பில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாயில் பீய்ச்சிவிட்டாள். பொட்டுக் கன்று பசியில் கத்தியது. அதையும் விடச் சொன்னேன்.

"அது ஒரு வேள பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆவாது," என்று அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் கன்று நாலு காலில் நின்று தானே முட்டிக் குடித்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன். அப்போதும், சத்தியமாகச் சொல்கிறேன், அவள் மாட்டு மடியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் செவலைக்குக் கொடி விழுந்தது. காய்ச்சல் இறங்கி மடியும் இளகியது. கன்று குடித்தது போக மிச்சச் சீம்பாலைக் காய்ச்சி அவள் தூக்கிலேயே ஊற்றிக் கொண்டுபோனேன். குடித்துப் பார்த்துவிட்டு, "வெல்லம் கம்மியா கீதுக்கா," என்றாள். அவளுக்கு அந்த வாய் போகாது.

இன்றைக்கும் அவள் பூசையில் பாட ஆரம்பித்தால் எனக்குள் சுருக்கென்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டிலும் ஒரு பிலோமினா இருப்பாள். கஷ்டம் வந்தால் மாதாவிடம் கேளுங்கள், கொடுப்பாள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்பதை அவளுக்கே விட்டுவிடுங்கள். என் வேலிப் படலுக்கு நான் இப்போது கயிறு போடுவதில்லை.