ஜும்மா நேரத்துச் சைக்கிள்

கலியாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த இரண்டாம் வருஷம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஒருவன் ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்ற வந்தான். ஐம்பதுகளின் கடைசி அது. சைக்கிள் யக்ஞம் என்று ஊரில் சொல்வார்கள். நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒலிபெருக்கி, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு ஓலை மறைப்பு. வாசலில் சீட்டு வாங்கினால் உள்ளே போகலாம். கால் தரையில் படக்கூடாது, அது ஒன்றுதான் சட்டம். தின்பது, குளிப்பது, சவரம் செய்வது எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும்.

எங்கள் வீட்டுப் பெண்கள் சீட்டும் வாங்கவில்லை, உள்ளேயும் போகவில்லை. மிளகும் சுக்கும் வியாபாரம் செய்யும் தமிழ் ராவுத்தர் குடும்பம். பெண்கள் தெருவில் இறங்கக்கூடாது. ஆனால் மாடியில் மரச்சட்டம் அடித்த சன்னல் ஒன்று உண்டு. அதன் வழியே பார்த்தால் மறைப்புக்குள்ளே இருப்பது எல்லாம் தெரியும். நாங்கள் யாருக்கும் தெரிய மாட்டோம். அந்த ஊரிலேயே மிக நல்ல இடம் எங்களுக்குத்தான் கிடைத்திருந்தது.

முதல் நாள் என் மாமியார், "ஜோலியில்லாதவன் சுத்துறான், ஜோலியில்லாதவன் பாக்குறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் விடிந்ததும் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவன் இருக்கானாடி? சாயா குடிச்சானா?" என்பதுதான். நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஓடி வந்து பார்ப்பேன். அவன் எந்தக் கையால் தலையைச் சொறிவான், எந்தப் பக்கம் திரும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வான் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. என் புருஷனைக்கூட அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. அந்நிய ஆண்பிள்ளையைப் பார்ப்பது தப்பு என்று எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். சைக்கிள் மேல் ஏறிவிட்டவனை நாங்கள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவனோடு வந்தவள் அவன் மனைவி. பொள்ளாச்சிப் பக்கம். சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு ஆடுவாள். காலையில் எங்கள் சமையற்கட்டு வாசலுக்கு வந்து கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்வாள். தமிழ்ப் பேச்சுக் கேட்டதில் அவளுக்குப் பெரிய நிம்மதி. நான் கஞ்சி கொடுப்பேன். குந்தி உட்கார்ந்து குடித்துவிட்டு, "அவரு காலு ரெண்டும் வீங்கிப் போச்சுங்கம்மணி" என்பாள். நான் உச்சுக்கொட்டுவேன். அவள் போனதும் மாடிக்கு ஓடி, வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா நேரத்தில் எங்கள் பகுதியில் கடைகள் சாத்திவிடுவார்கள். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். மைதானத்தில் ஈ காக்கை இல்லை. அப்போது அவன் சைக்கிளை நிறுத்தினான். கால் தரையில் பட்டது. அவள் ஓடிவந்து அவனைத் தாங்கி, சாக்கு விரித்திருந்த நிழலில் படுக்க வைத்தாள். பிறகு அவனுடைய சட்டையைத் தன் சேலைக்கு மேல் மாட்டி, கொண்டையைத் தொப்பிக்குள் திணித்து, அந்தச் சைக்கிளில் ஏறினாள். தெருவில் யாராவது போனால் மறைப்புக்கு மேலே ஒரு தொப்பி சுற்றுவது தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

பெண்பிள்ளை சைக்கிள் விட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மாமியார், நாத்தனார், நான் மூன்று பேரும் சன்னல் சட்டத்தில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றோம். அவன் ஏழு நாள் சுற்றினாலும் எங்களுக்கு வராத சைக்கிள் ஆசை அவளைக் கண்டதும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர்கள், கையை எடுத்துவிட்டே சிரித்தோம். தொழுகை முடியும் நேரமானது. அவன் எழுந்து வந்து கையை நீட்டினான். அவள் நிறுத்தவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இன்னும் இரண்டு சுற்று போய்விட்டுத்தான் இறங்கினாள்.

இதை நான் யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்திருப்பேன். மத்தியானம் புருஷனுக்குச் சோறு போடும்போது சொன்னேன். "மச்சான், இண்ணைக்கு ஒரு அதிசயம் கண்டோம். அந்தப் பொம்பளெ சைக்கிள் விட்டா!"

அவர் கை இலையில் அப்படியே நின்றது. "அப்போ அவன் எங்கே?"

"சாக்கிலெ கெடந்து ஒறங்கினான்."

"நீ சரிக்கும் கண்டியா?"

"சரிக்கும் கண்டேன்" என்றேன், பெருமையாக. அவளைப் பற்றித்தான் நான் சொன்னேன். அவர் காதில் விழுந்தது அவனைப் பற்றி.

அவர் கெட்டவர் இல்லை. ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம், அவ்வளவுதான். பண்டகசாலையில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் கூச்சல் கேட்டது. ஊர் ஆண்கள் அவனை அடிக்கவில்லை. தீர்ப்புச் சொன்னார்கள். ஐந்து நாளும் செல்லாது, அந்த நேரத்திலிருந்து மறுபடி ஏழு நாள். முறை போட்டு ஆள் நிற்கும், கண்ணை எடுக்காமல் பார்க்கும். முடியாதென்றால் சாமானை எல்லாம் விட்டுவிட்டுப் போகலாம். அவன் சைக்கிளில் ஏறினான்.

அதற்குப் பிறகு வந்த கூட்டம் அதற்கு முன் வந்ததே இல்லை. வைப்பினிலிருந்து படகில் வந்தார்கள், கும்பளங்கியிலிருந்து சின்ன வஞ்சித் தோணிகளில் வந்தார்கள். இப்போது நடப்பது நிஜம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் சன்னலுக்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். மாமியார் அவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தார். அவன் தலை தொங்கும்போதெல்லாம் கீழே "ஹோ" என்று சத்தம் எழும், நிமிர்ந்ததும் கைதட்டுவார்கள். நான் அழுதேன். அழுதுகொண்டே பார்த்தேன். அடுப்படிக்குப் போகலாம் என்று நினைப்பேன், கால் நகராது. விழக்கூடாது என்று துஆ கேட்ட அதே நெஞ்சு, விழுந்தால் அதை நான் பார்க்காமல் போய்விடக்கூடாது என்றும் பயந்தது. இதை வெட்கமில்லாமல் சொல்லவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

இப்போது எர்ணாகுளத்தில் மருமகள் வீட்டுத் தொலைக்காட்சியில் பத்துப் பதினைந்து பேரை ஒரு வீட்டுக்குள் அடைத்து, அவர்கள் தூங்குவதையும் சண்டை போடுவதையும் அழுவதையும் காட்டுகிறார்கள். "இதெல்லாம் நெஜமில்லெ மாமி, சொல்லிக் குடுத்துச் செய்யிறது" என்று மருமகள் சலித்துக்கொள்வாள். ஆனாலும் ஒரு நாள் விடமாட்டாள். பொய்யாகவே இருக்கட்டும், நீ நிஜத்தைக் கேட்காதே என்று நான் சொல்வேன். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் நினைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை மத்தியானம் அவன் விழுந்தான். முதலில் சொன்ன கணக்குப்படி அன்றுதான் அவன் மாலை போட்டுக்கொண்டு இறங்கியிருக்க வேண்டிய நாள். தூக்கியபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கைவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அரைமணி நேரத்தில் மைதானம் காலி. என் புருஷன் அன்று சாப்பிட வரவில்லை. வந்த பிறகும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் மௌத்தாகும்வரை பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். உயிருக்கு மோசமில்லை, வலது கையும் காலும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சைக்கிளை விற்று அவனை ஊருக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். நான் கஞ்சி எடுத்து வந்தேன். அவள் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க சிரிச்சது எனக்குக் கேட்டுதுங்கம்மணி" என்றாள். "இத்தனை வருசத்துல என்னைப் பாத்து யாரும் அப்பிடிச் சந்தோசமாச் சிரிச்சதில்லீங்க. அவரு எறங்கு எறங்குன்னு கையை நீட்டுறாரு. உங்களுக்காவத்தான் இன்னும் ரெண்டு சுத்து போனேன். அந்த நேரத்துலதான் ரோட்டுல எவனோ பாத்துட்டானுங்க. நாந்தானுங்க அவரைக் கெடுத்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். மாமியார் பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். இழுக்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அவள் கஞ்சியைக் குடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

யாரும் தெருவிலிருந்து பார்க்கவில்லை, நான்தான் சொன்னேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து இங்கே எழுதுகிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.