பின் இருக்கையில் அரிசிப் பை

"சைக்கிளுக்கான குழந்தை சீட். மூன்று மாதம்தான் பயன்படுத்தியது. விழவே இல்லை."

விளம்பரத்தில் இருந்தது அவ்வளவுதான். கடைசி இரண்டு சொற்களை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். விழுந்ததா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஒருவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

அது ஸ்காபரோவில் சைக்கிள் ஓடுகிற தமிழர்களின் வாட்ஸ்அப் குழு. கோடை முழுவதும் வெயில் கண்ணாடி போட்ட ஆண்களின் படங்கள்தான் அதில் வரும். ஒக்டோபர் பிறந்ததும் அது பழைய சாமான் சந்தையாகிவிடும். ஒருவர் லைற் விற்பார், இன்னொருவர் போன வருடம் வாங்கிய சப்பாத்து உறை அளவில்லை என்று மாற்றுக் கேட்பார். கைகள் விறைக்காமலிருக்கக் கைப்பிடியின் இரு பக்கமும் கொழுவுகிற தடித்த உறைக்கு அங்கே ஆட்டுக்காது என்று பெயர். பனிக்கட்டியில் பிடிப்பதற்காகச் சின்ன ஆணிகள் பதித்தது ஆணி ரயர். நான் ஒரு சொல்லும் எழுதாமல் மூன்று வாரம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

என் தேவை எளிமையானது. கணவர் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன்னரே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மகளுக்கு இரண்டரை வயது. அவளை டேகெயாரில் விட்டுவிட்டு நான் வேலை செய்கிற பார்மசிக்குப் போக இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். மோர்னிங்சைட்டில் காலையில் வருகிற பஸ்கள் நிரம்பித்தான் வரும், சில நிற்காமலே போகும். இரண்டு முறை வேலைக்குப் பிந்திவிட்டேன். மனேஜர் கோபிக்கவில்லை. "எல்லாம் சரிதானே?" என்று அன்பாகக் கேட்டார். அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. சைக்கிளில் போனால் டேகெயாருக்குப் பன்னிரண்டு நிமிடம்.

குழுவில் குளிர்காலத்துக்கான அறிவுரைகளும் வரும். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அப்போதே கதகதப்பாக இருந்தால் பாதி வழியில் வேர்த்துவிடும். இரண்டு காலுறைகளுக்கு நடுவே சான்ட்விச் பாண் வந்த பிளாஸ்ரிக் பையைப் போடலாம். பிள்ளையோடு போகிறவர்களுக்கென்று ஒருவர் எழுதியிருந்தார்: நீங்கள் மிதிக்கிறீர்கள், உங்களுக்குச் சூடு வரும், பிள்ளை சும்மா இருக்கும், அதற்கு வராது. இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இன்னொருவர் தன் சைக்கிளின் மட்கார்ட் பற்றி எழுதினார். கோடையில் ஒருமுறை விழுந்தபோது கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. மைனஸ் பன்னிரண்டில் பிஸ்கற் போல இரண்டாக உடைந்துவிட்டது. இதை எங்கும் ஒட்டவில்லை. ஒட்டாமலே மனதில் நின்றது.

விற்பவர் நான்கு படங்கள் போட்டிருந்தார். நான்கும் வலப் பக்கமிருந்து எடுத்தவை. இடப் பக்கத்தின் படம் கேட்டேன். ஒரு நாள் கழித்து வந்தது, விளக்கைப் போடாமல் எடுத்த ஒரு படம்.

ஆனாலும் சனிக்கிழமை காலையில் போனேன். ஒரு பிளாசாவின் பின்புறப் பார்க்கிங் லொட்டில் கார் டிக்கிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். குழுவை நடத்துகிற அண்ணைக்கு அறுபது வயதிருக்கும். ஒட்டிப் பிடித்த கறுப்பு நீளக் காற்சட்டையோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உதுக்கு மேல ஒரு சாரத்தைக் கட்டுங்கோவன். பொம்பிளைப் பிள்ளையளும் வருகினம்," என்றான் ஒருவன்.

"சாரம் செயினுக்குள்ள போனா நீயோ எடுப்பாய்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "வாங்கோ தங்கச்சி. பிள்ளையோட ஓடப் போறியளெண்டா ஆணி ரயர் ரெண்டும் போடவேணும். முன்னுக்கு மட்டும் போட்டியளெண்டா பின்பக்கம் டான்ஸ் ஆடும்."

ரயர்கள் இரண்டையும் அவரிடமே வாங்கினேன்.

சீற் விற்பவர் தள்ளி நின்றார். தமிழ்நாட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். சீற்றை நிலத்தில் வைக்காமல் கைக்குள் அணைத்தபடி வைத்திருந்தார். நான் வாங்கி இடப் பக்கத்தைத் திருப்பினேன். உள்ளங்கையளவு இடம் வெளிறிக் கரகரத்துக் கிடந்தது.

"இது என்ன?"

"அதுங்களா? சும்மா கீறல். நான்தான் பண்ணேன்."

"விழுந்ததோ?"

"விழவே இல்லைங்க." அதே இரண்டு சொற்கள்.

"பிள்ளைக்கு இப்ப எத்தனை வயசு?"

"மூணு முடிஞ்சிருக்கும்," என்றார். ஆட்டுக்காது விற்கிறவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். "பாப்பா இப்ப இல்லைங்க. அதான், யாருக்காவது பயன்படட்டுமேன்னு."

பெற்ற பிள்ளையின் வயதை யாராவது 'முடிஞ்சிருக்கும்' என்று சொல்வார்களா? நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரிடம் உங்கள் சீற்றில் எனக்கு நம்பிக்கையில்லை என்று எப்படிச் சொல்வது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். காரில் ஏறிய பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. பிள்ளை எப்படி இல்லாமல் போனது? எதிலிருந்து விழுந்தது?

வீட்டில் சீற்றை வாசலருகே வைத்தேன், உள்ளே கொண்டுவரவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன். போன் லைற்றை அடித்துப் பார்த்தேன். பெல்ற்றை ஐம்பது தடவை பூட்டித் திறந்தேன். விழுந்து தேய்ந்த கீறல் ஒரே திசையில் போகும் என்று எங்கோ வாசித்திருக்கிறேன். இது எல்லாத் திசையிலும் போனது. மகளின் கிறேயோனை எடுத்துக் கடதாசியை அதன்மேல் வைத்துத் தேய்த்தேன். இரண்டு எழுத்துகள் வந்தன, தமிழ் எழுத்துகள். முதல் எழுத்துக்கு ஒரு கொம்பு, கடைசியில் ஒரு புள்ளி. நடுவில் இருந்தவை வரவில்லை. எல்லாப் பொருளிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும் என்று டேகெயாரில் சொல்வார்கள். யாரோ கூரான எதனாலோ பெயரைப் பொறித்திருக்கிறார்கள். பிறகு யாரோ அதைச் சுரண்டி அழித்திருக்கிறார்கள்.

கணவர் என் கையிலிருந்த கிறேயோனைப் பார்த்தார்.

"நீர் சீற் வேண்டினீரோ, பொலிஸ் கேஸ் வேண்டினீரோ?"

"உதில பகிடி இல்லை."

"அப்ப எறிஞ்சுபோட்டுப் புதுசு வேண்டுவம்."

அது சரியான யோசனைதான். ஆனால் எறியவும் முடியவில்லை. அது ஒரு பிள்ளையின் சீற். இறந்த பிள்ளையின் பொருளைக் குப்பையில் போடுவதா, என் பிள்ளையை அதில் இருத்துவதா? சீற்றாவது நல்லதா என்று முதலில் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன்.

இரண்டு நாள் அதைப் பல்கனிக் குளிரில் விட்டேன். பிறகு சைக்கிளில் பூட்டி, மகளின் எடைக்கு வருமாறு ஒரு அரிசிப் பையையும் இரண்டு கோதுமை மாப் பைகளையும் இருத்தி பெல்ற்றைப் போட்டேன். மகள் ஜன்னலில் நின்று கைகாட்டினாள், எனக்கல்ல, அரிசிக்கு. அந்த வாரம் வேலை இல்லாத நேரங்களில் ஓடைக்கரைப் பாதையில் அரிசியை ஏற்றிக்கொண்டு ஓடினேன். குழிகளைத் தேடிப் போய்ச் சக்கரத்தை விழுத்தினேன். நிறுத்தி நிறுத்திக் காது வைத்துக் கேட்டேன். சீற் முனகியது. எல்லாப் பிளாஸ்ரிக்கும் அப்படி முனகுமா, இது மட்டுமா?

மூன்றாவது நாள் எதிரே அண்ணை வந்தார். சைக்கிளை நிறுத்தி என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பொன்னியோ, சம்பாவோ?"

"பொன்னி அண்ணை."

"ஹெல்மெற் போடேல்லை. பொலிஸ் பிடிக்கும்."

நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் இறங்கினார். முழுவதையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தார்.

"போன வின்ரர் பிள்ளையோடதான் வாறவர். துருதுருவெண்ட பிள்ளை. வசந்தத்துக்குப் பிறகு தனிய வந்தார். எங்களுக்கும் என்னெண்டு தெரியாது."

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"என்னெண்டு கேக்கிறது தங்கச்சி? நாங்கள் ரயரைப் பற்றித்தான் கதைக்கிறனாங்கள்."

அன்று மாலை நான் சீற் விற்றவருக்கு ஒரு செய்தியை எழுதி அழித்தேன், எழுதி அழித்தேன். கடைசியில் மகள் மடியில் ஏறி விழுந்தபோது விரல் பட்டுப் போய்விட்டது: "பிள்ளைக்கு என்ன நடந்தது?"

உடனே போன் அடித்தது.

"பாப்பாவுக்கு என்னங்க? யாராவது எதாவது சொன்னாங்களா?" அவருக்கு மூச்சு வாங்கியது.

"நீங்கள்தானே பிள்ளை இல்லை எண்டு சொன்னீங்கள்."

"அய்யய்யோ. இங்க இல்லைன்னு சொன்னேங்க. கோயம்புத்தூர்ல இருக்கா, அவங்க அம்மாகூட. இன்னொரு வின்டர் என்னால முடியாதுன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"மூண்டு முடிஞ்சிருக்கும் எண்டு..."

"போன மாசம் பொறந்தநாள். நான் பாக்கலை. அதான் அப்படி வாயில வந்துருச்சு."

எனக்குக் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"பெயரை ஏன் சுரண்டினீங்கள்?"

"பேரோட விக்க மனசு வரலைங்க."

"விழவே இல்லை எண்டு ஏன் போட்டீங்கள்? ஒருத்தரும் கேக்கேல்லையே."

அவர் சிரித்தார். அது சிரிப்புப் போலவும் இல்லை. "என் வைஃப் தினமும் கேப்பா. போய்ச் சேர்ந்ததும் முதல் கேள்வி அதான், விழுந்தீங்களான்னு. விழவே இல்லைம்மான்னு சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு. அவளும் உங்கள மாதிரிதான், எதையும் பத்துத் தடவ பாப்பா."

போனை வைத்ததும் முதலில் நிம்மதிதான். ஒரு பிள்ளை எங்கோ மூன்று வயதாகி ஓடித் திரிகிறது. நிம்மதி இரவுச் சாப்பாடு வரைக்கும் இருந்தது. பாத்திரம் கழுவும்போது இன்னொன்று தோன்றியது. தினமும் பயந்து கேட்ட அந்தப் பெண்ணுக்குத் தினமும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும், ஒருவேளை விழுந்த நாளிலும். அந்தப் பெண் பத்துத் தடவை பார்த்தபின்தான் போனார் என்றால், எதைக் கண்டார்?

இதற்கு மேல் யாரிடம் கேட்பது? அவர் சொன்னதைப் பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு அரிசியை நம்பினேன். இன்னும் நான்கு நாள் ஓடினேன், அதில் ஒரு நாள் மைனஸ் பதினொன்று. சீற்றில் புதிதாக ஒரு கோடும் விழவில்லை.

திங்கட்கிழமை காலை மகளுக்கு ஸ்னோசூட், ஹெல்மெற், அதற்குள் மெல்லிய தொப்பி எல்லாம் போட்டுத் தூக்கினேன். அவள் காலை விறைத்துக்கொண்டாள்.

"அது அரிசின்ர சீற்."

"இல்லைக் குஞ்சு, இப்ப உங்கட சீற்."

"அரிசி அழும்."

அரிசியை ஏற்கனவே சமைத்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரிசி வீட்டில் நித்திரை என்றேன். இருந்துகொண்டாள். பெல்ற்றை இழுத்துப் பார்த்தேன், திரும்பவும் இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது முறை "அம்மா, கெதியா," என்றாள்.

டேகெயாருக்கு முந்தின திருப்பத்தில் வீதியில் மெல்லிய பனிக்கட்டி இருந்தது. தெரிந்துதான் மெதுவாகப் போனேன். ஆனாலும் பின் சக்கரம் ஒரு சாண் விலகியது. காலை ஊன்றினேன். சைக்கிள் சரிந்து என் தொடையில் நின்றது. பிறகு ஆணிகள் பிடித்துக்கொண்டன. பின்னால் மகள் "அகெயின்," என்றாள். அவளை விட்டுவிட்டு சீற்றை முழங்காலில் நின்று பார்த்தேன். ஒன்றுமில்லை. வேலைக்கு ஐந்து நிமிடம் முந்திப் போனேன்.

பத்து மணி இடைவேளையில் கணவர் போன் அடித்தார். பின்னால் போர்க்லிஃப்ற் ஒன்று கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர் 'ஹலோ' சொல்வதற்கு முன்னரே நான் சொல்லிவிட்டேன்.

"விழேல்லை."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே," என்றார்.