மாவில் எடுத்த சங்கு

சங்கைக் கையில் எடுத்தால் அது எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்றுதான் எங்கள் வீட்டில் முதலில் பார்ப்போம். நிறம், எடை, புழு அரித்த துளை எல்லாம் அப்புறம்தான். நீண்ட முனை மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். வாய் இடப்பக்கம் இருந்தால் இடம்புரி, வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. அப்பா தூத்துக்குடியில் சங்கு வியாபாரி. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்கள் எடுத்து வருவதை வாங்கி, வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்கு அனுப்புகிறார். அவர் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் குவிந்து கிடப்பது அத்தனையும் இடம்புரி. வலம்புரி ஒரு வியாபாரியின் ஆயுளில் ஒன்றோ இரண்டோ கண்ணில் பட்டால் அதிகம்.

அதனால் வலம்புரி என்று சொல்லி எதையாவது தலையில் கட்டப் பார்ப்பவர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சந்தேகம் வந்தால் பஜாரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சிட்ட காட்டிட்டு வா." அப்பா ஒரு தடவை திருப்பிப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பெயரை அவர் நாற்பது வருஷமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார். தான் செய்தது தப்பு என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. வழி தவறிப் போனால்கூட ரோட்டைத்தான் குறை சொல்வார்.

நான் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாறைக்குள் கிடக்கும் பழைய கடல் உயிர்கள்தான் என் பாடம். சிப்பி, நத்தை, கடல் முள்ளெலி என்று முதுகெலும்பு இல்லாத கூட்டம். நகம் அளவு உடைந்த துண்டைக் கொடுத்தாலும் அது எந்தப் பிராணியின் எந்தப் பாகம் என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பதில்லை. அப்பாவின் மகள்தானே.

போன கோடையில் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தை தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். செம்மண்ணுக்குக் கீழே சிப்பி ஒட்டிய பாறை வந்தது. ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்த பாறை. நான் கேட்டுக்கொண்டபடி, வித்தியாசமாக ஏதாவது வந்தால் அத்தை செல்போனில் படம் எடுத்து அனுப்புவாள். ஒரு சாயங்காலம் வந்த படத்தைப் பார்த்து நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு சங்கு பாறையிலிருந்து புடைத்துக்கொண்டு நின்றது. வாய் வலப்பக்கம்.

கல்லாகிப்போன வலம்புரி! ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பி, கீழே 'வலம்புரி' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். பாறையை நேரில் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு ஓதுகிறவள் செய்த காரியம் இது.

மறுநாள் மத்தியானத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பா கடை கடையாகப் படத்தைக் காட்டியிருக்கிறார். "நானும் பாத்துட்டேன், வலம்புரிதான்" என்று தன் வாக்கையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரோடு தொழில் செய்யும் இரண்டு வியாபாரிகள் எங்களோடு காரில் ஏறிக்கொண்டார்கள். வழி முழுக்க அப்பாதான் பேசிக்கொண்டு வந்தார். "கடலுக்குள்ள இருந்து எவனும் எடுப்பான்வே. எம் மக கல்லுக்குள்ள இருந்து எடுக்கா."

அத்தை அந்தக் கல்லைக் கழுவி, வாழை இலைமேல் வைத்து, பூவும் போட்டிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். அது புடைப்பு இல்லை, குழி. சாய்ந்த வெயிலில் எடுத்த படத்தில் பள்ளம் மேடாகத் தெரிந்திருக்கிறது. சங்கு இருந்த இடம் மட்டும்தான் பாறையில் மிச்சம். ஓடு என்றைக்கோ மழைத்தண்ணீரில் கரைந்து போயிருக்கிறது. குழியில் பதிந்திருப்பது கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலம் மாறித்தான் தெரியும். அப்படியானால் இங்கே கிடந்தது சாதாரண இடம்புரி.

குழி என்று தெரிந்தும், அதில் இடம் வலம் மாறும் என்பது என்னைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை. "குழியானா என்ன, சுத்து வலம்புரி சுத்துதானே" என்று ஒரு வியாபாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பாஸானபோதுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. பேசாமல் இருந்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். அவருடைய வாக்கும் தப்பிக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு மூன்று நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பிறகு என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சங்கைப் பற்றிப் பொய் சொன்னால் நாளைக்கு எந்த முகத்தோடு வகுப்பில் கல்லைத் தூக்கிக் காட்டுவது?

"அத்தே, பூரிக்கு மாவு பிசைஞ்சாச்சா?" என்று கேட்டேன்.

ஆய்வுக்கூடமாக இருந்தால் ரப்பர் பால் ஊற்றி அச்சு எடுத்திருப்பேன். இங்கே குழிக்குள் எண்ணெய் தடவி, அத்தை பிசைந்து வைத்திருந்த மாவை நன்றாக அழுத்தி அடைத்து, மெதுவாக உரித்து எடுத்தேன். முனையை மேலே பிடித்து நீட்டினேன். மாவுச் சங்கின் வாய் இடப்பக்கம் இருந்தது.

"அப்பா, இது இடம்புரி. படத்தைப் பாத்து நான்தான் தப்பா அனுப்பிட்டேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மாவு இழுபட்டு மாறிருக்கும்ளா. அண்ணாச்சி சொன்னது தப்பாவுமா? இவ புஸ்தகத்தப் படிச்சிட்டு என்னத்தையோ சொல்லுதா."

எனக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க நல்ல பதில் நாக்கு நுனிவரை வந்தும் அப்பா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவர் மாவுச் சங்கை வாங்கி, கிட்டங்கியில் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். பூஜையில் இருந்த ஊதுசங்கோடு திரும்பி வந்தார்.

"எண்ணே, அது சாமி சங்கு!" என்று அத்தை கத்தினாள்.

"கழுவி வச்சிக்கிடலாம், இரு."

மீதி மாவைப் பலகையில் பரப்பி, அந்தச் சங்கை வாய்ப்பக்கமாக அமுக்கினார். எடுத்தார். மாவில் விழுந்த குழியைக் குனிந்து பார்த்தார். கையிலிருக்கும் சங்கைப் பார்த்தார். சங்கு இடம்புரி, குழியில் இருந்தது அப்பட்டமான வலம்புரி. சந்தேகம் தீராமல், இடம் மாற்றி இன்னொரு முறையும் அமுக்கிப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் கையே சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு வியாபாரிகளையும் கூப்பிட்டுக் குழியைக் காட்டினார். பிறகு கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அப்ப அந்தக் காலத்துலயும் சங்கு இப்படித்தான் சுத்தியிருக்கு, என்னளா?"

"ஆமாப்பா. இந்தப் பாறையில கிடந்ததும் உங்க கிட்டங்கியில கிடக்குத மாதிரித்தான் சுத்தியிருக்கு. மனுசன் வாரதுக்கு முந்தியே."

அதைக் கேட்டு அவர் தலையாட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாவெல்லாம் பரிசோதனைக்குப் போனதால் சாப்பாட்டுக்குப் பூரி இல்லை. எல்லோரும் சோறுதான் சாப்பிட்டோம். கல்லை என் கல்லூரிக்குக் கொடுக்க அத்தை சம்மதித்தாள். போட்ட பூவை மட்டும் எடுக்க விடவில்லை.

திரும்பும்போது காரில், நாளைக்குப் பஜாரில் அப்பா எப்படித் தலைகாட்டுவார் என்று எனக்கு ஒரே கவலை. என்னால் வந்த வினை. மறுநாள் காலை நானும் வருகிறேன், எல்லோரிடமும் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "வா" என்று மட்டும் சொன்னார்.

கிட்டங்கியைத் திறப்பதற்குள் எதிர்க்கடைக்காரர் கேட்டுவிட்டார். "என்ன அண்ணாச்சி, கல்லு வலம்புரி எப்படி?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் வரும்வரை காத்திருந்தார்.

"அது இடம்புரிவே. நான் சொன்னது தப்பு" என்றார், அந்தத் தெருவுக்கே கேட்கும்படி. "எம் மக கண்டுபிடிச்சிட்டா."