இரைச்சல் என்றதும் ஓடி வந்த அண்ணாச்சி

தேவராஜ் அண்ணாச்சி போய்விட்டார்...

காலையில் தண்டையார்பேட்டையில் அவர் கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது, அதன் மேலேயே போஸ்டர், பசை கூடக் காயவில்லை. நெஞ்சுவலியாம்.

தெரியாதவர்களுக்கு... அவர் காயலான் கடை வைத்திருந்தார். பழைய மானிட்டர், பிரிண்டர் ஒயர்களில் ஒரு குண்டு இருக்குமே, அதற்குள் கருப்பாக ஒரு வளையம். அதுதான் ஃபெரைட். ரேடியோவில் வருகிற இரைச்சலை அடக்கும். என்னை மாதிரி வீட்டில் வயர்லெஸ் செட் வைத்துப் பேசும் ஹாம் ரேடியோ ஆட்களுக்குப் புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது.

முதல் தடவை போனபோது, செம்புக்காக ஒயரை உரித்துக்கொண்டே அந்தக் குண்டைச் சுத்தியலால் ஒரே போடு போட்டார். "அண்ணாச்சி, அத்த ஒடைக்காதீங்க, எனுக்கு வோணும்" என்று பதறினேன். "இத வச்சு என்னய்யா செய்வ, தாயம் ஆடவா?"

அப்புறம் உடைக்காமல் எடுத்துவைத்து, புளி மாதிரி எடை போட்டுத் தருவார். எல்லா வளையமும் வேலைக்கு ஆகாது. அதனால் சின்ன ரிசீவரைக் கொண்டுபோய், அவர் கடை LED லைட் ஒயரிலேயே மாட்டி, அது கிளப்பும் இரைச்சல் குறைகிறதா என்று பார்த்துப் பொறுக்குவேன். "என் கடை லைட்டு என்னய்யா பாவம் பண்ணிச்சு" என்பார்.

எனக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. எங்கள் சேகர் அண்ணன் மீன்பிடி போட் டிரைவர். போட் கரையை நெருங்கும்போது அவர் குரல் செட்டில் வரும். போட்டுகளுக்கான அந்தச் சேனலில் நான் பேசுவதில்லை, கேட்பதோடு சரி. அது வந்தால்தான் எங்கள் வீட்டில் சோறு இறங்கும்.

ஒரு மழை நாள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஓடினால் செட்டில் ஒரே கரகரப்பு. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "இரைச்சல் ஜாஸ்தியா கீது அண்ணாச்சி... அண்ணன் கொரலே கேக்கல. பயமா கீது."

கொஞ்ச நேரத்தில் ஆள் திருவொற்றியூரில் எங்கள் வாசலில் நிற்கிறார். தொப்பலாக நனைந்து, காலில் செருப்பு இல்லாமல். ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் பக்கத்தில் மண்டி போட்டு ஜெபமே ஆரம்பித்துவிட்டார்.

"கடல் இரைச்சல் இல்ல அண்ணாச்சி... செட்டுல இரைச்சல்."

"கூறுகெட்ட பயலே, அத ஒழுங்கா சொல்லப்பிடாதா? எனக்கு உசுரே போயிட்டு."

திட்டினாரே தவிர, கிளம்பவில்லை. அண்ணன் குரல் வரும்வரை அம்மாவோடு உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்கும் புயல் எச்சரிக்கை. கூடப் போன போட்டுகள் வந்துவிட்டன. அண்ணன் போட் வரவில்லை...

பக்கத்து வீட்டில் புது இன்வெர்ட்டர். அங்கே பெரியவரின் ஆக்ஸிஜன் மெஷின் அதில்தான் ஓடுகிறது, அணைக்கச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு மாட்ட வளையம் வாங்கத்தான் காலையில் போனேன். வீட்டில் மிச்சம் இருந்ததை எல்லாம் மாட்டிவிட்டேன். கரகரப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை.

சாயங்காலம் அடக்கம். என்னால் வர முடியாது அண்ணாச்சி. செட்டை விட்டு நான் எழுந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டுவிட்டால்... ரொம்பப் பயமாக இருக்கிறது.

போகிறவர்கள் யாராவது, எனக்காகவும் ஒரு பிடி மண் போடுங்கள்.