சூடேறாத பேட்

போலீஸ் ஸ்டேஷனில் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. ஐந்தாவதோடு பட்டறைக்கு வந்தவன் நான். நாலு பேர் எதிரே பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது.

கீழ்வேளூரில் கார் பட்டறை வைத்திருந்தேன். பக்கத்து ஊர் மிராசுதார் மகன் அவ்வப்போது சென்னைக்குப் போய் ரேஸ் டிராக்கில் ஓட்டுவார். அதற்கென்று, சக்கரத் தட்டைக் கவ்வி வண்டியை நிறுத்தும் பிரேக் பேட் தனியாக வாங்கி வந்தார், நான்தான் மாட்டினேன். பேட்டில் குறையில்லை. சாதாரண ரோட்டு பேட்டோடு டிராக்கில் விடாமல் பிரேக் மிதித்தால் புகையும், பிடி விட்டுப்போகும். ரேஸ் பேட் அந்தச் சூட்டில்தான் கவ்வும். ஆறிக் கிடந்தால் வண்டி நிற்காது.

டிராக்கிலிருந்து திரும்பியவரிடம் சொன்னேன்.

"தம்பி, ரோட்டு பேட்டை மாட்டிடறேன். கொஞ்ச நேரம்தாங்க."

"ஒசத்தியக் கழட்டிட்டு மட்டத்த மாட்டுவியா? நல்லாருக்குய்யா ஒன் தொழிலு!"

"காலைல மொத பிரேக்கு பிடிக்காதுங்க."

"அத மாட்டுவண்டிக்கு மாட்டு, போ."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ரோட்டு பேட்டைப் பேப்பரில் சுற்றி டிக்கியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மறுநாள் காலை. அறுவடைக் காலம், வழக்கம்போல் பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. குத்தகைக்காரர் வீட்டு ராசாத்தி அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். மிராசு வீட்டிலிருந்து கிளம்பிய அந்தக் கார் நேரே நெல்லில் ஏறி அவர் காலை ஒடித்தது.

ராசாத்தியும் புருஷனும் அந்த மிராசு நிலத்தைத்தான் குத்தகைக்குப் பயிர் செய்தார்கள். காலி செய்யச் சொல்லி வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் மிராசுக்காக ஆளுங்கட்சிக் கரைவேட்டி ஒன்றும் எதிர்க்கட்சிக் கரைவேட்டி ஒன்றும் நின்றன. வேறு எதற்கும் சேர்ந்து நிற்காதவை.

"கேஸ் கோவத்துல வேணும்னே ரோட்ட மறிச்சிருக்கா சார். பிரேக் அடிச்சேன், நெல்லுல வழுக்கிடுச்சு. மெக்கானிக்கையே கேளுங்க" என்றார் மகன்.

ராசாத்தியின் புருஷன் என் காதருகே வந்தார். "அண்ணே, குத்தகைய விட்டு எழுதிக் குடுத்தா எங்க மேல கேஸு இல்லங்கறாங்க. குடுத்துடவா?"

"பொறு" என்றேன்.

"சொல்லுய்யா, பிரேக் நல்லாருந்துச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டிக்கியத் தொறக்கச் சொல்லுங்க சார்."

பொட்டலம் வந்தது. மேசைமேல் பிரித்துப் போட்டேன்.

"இதுதான் ரோட்டுக்கு. வண்டில இருக்கறது ரேஸுக்கு. மாத்தணும்னு சொன்னேன், நாலு பேரு கேட்டுச் சிரிச்சாங்க. அவங்களையும் கூப்பிடுங்க. பிரேக் பிடிச்சிருந்தா நெல்லுக்கு முன்னாடி ரோட்டுல டயர் தேஞ்ச தடம் இருக்கணும், போய்ப் பாருங்க. வழுக்கல சார். பிடிக்கவே இல்ல."

"யார்ட்டப் பேசறேன்னு தெரியுதா?" என்றது ஒரு வேட்டி.

"தெரியுதுங்க. அதான் சத்தமாப் பேசறேன்."

ராசாத்தியும் புருஷனும் குத்தகையை விட்டு எழுதிக் கொடுக்கவில்லை, அவர்கள் மேல் கேஸும் வரவில்லை. ராசாத்தி ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு அதே வயலில்தான் இறங்குகிறார். மிராசு வண்டிகள் என் பட்டறைக்கு வருவதில்லை. வரவும் வேண்டாம்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேட் மாட்டும் முன் வண்டி எங்கே ஓடப்போகிறது என்று கேளுங்கள். ரோடு என்றால் ரோட்டு பேட்டை மாட்டாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.